‘பிராக்டிகல்’ ஒன்றுதான், கிரேக்கத்தில் சொல் எத்தனை? – விவாத இழை

சுழியம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கிரேக்க மொழிச் சான்றிதழின் பி2 நிலைக்கான பயிற்சி இது. எட்டு ஆங்கில வாக்கியங்கள், எல்லாமே ‘பிராக்டிகல்’, ‘ப்ராக்மாட்டிக்’, ‘ஃபீசிபிள்’ வட்டாரம். வேர் கிரேக்கம்தானே, நேரே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். இங்கே வழக்கமாக எழுதுவதுபோல் கிரேக்கச் சொல்லில் அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் நெடில், மற்றதெல்லாம் குறில்.

1. இந்தப் பை ரொம்ப பிராக்டிகல்: ப்ரக்திக்கீ த்ஸாந்த.
2. நாளைக்கு எனக்கு பிராக்டிகல்ஸ் (வேதியியல்): ஆவ்ரியொ ஏஹொ ப்ரக்திக்கா.
3. அவர் ப்ராக்மாட்டிக்கான தலைவர்: ப்ரக்மத்திக்கோஸ் இயேத்திஸ்.
4. இந்தத் திட்டம் ஃபீசிபிளா: ஈனெ ப்ரக்திக்கோ தொ ஸ்ஹேதியொ?
5. பிராக்டிகலி எல்லோரும் வந்துவிட்டார்கள்: ப்ரக்திக்கா ஓலி ஈர்தன்.
6. பிராக்டிகல் ஆதரவு: ப்ரக்திக்கீ இப்பொஸ்தீரிக்ஸி.
7. அவள் பிராக்டிசிங் லாயர்: ப்ரக்திக்கோஸ் திக்கிகோரொஸ்.
8. பிராக்டிகல் ஜோக்: ப்ரக்திக்கோ அஸ்தீயொ.

எது சரி, எது தப்பு என்று சொல்லுங்கள். தப்பு என்றால் ஏன் என்றும் வேண்டும்.

ஏடகம்

தம்பி, முதலாவது சரி. ஆறாவது தேறும், ஆனால் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. ஐந்தாவதில் கருத்து வேறுபாடு உண்டு, மற்றவர்களும் வந்து சொல்வார்கள். மீதி ஐந்தையும் மாற்ற வேண்டும். அதில் ஏழாவதை அப்படியே விட்டால் அந்த வழக்கறிஞருக்கே அவமானம்.

காரணத்திலிருந்து தொடங்குகிறேன். ‘ஃபீசிபிள்’ லத்தீன் வேர், கிரேக்கமே இல்லை. மற்ற இரண்டையும் ஆங்கிலம் கிரேக்கத்திலிருந்து நேரே வாங்கவில்லை. லத்தீன் வழியாக, பாதியைப் பிரெஞ்சு வழியாக வாங்கியது. வழியில் பொருள் நகர்ந்துவிட்டது. கிரேக்கமும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கவில்லை, அது தன் போக்கில் வேறு பக்கம் போயிற்று. வேரைப் பார்த்து ஜோடி சேர்த்தால் இரண்டு நகர்வும் கணக்கில் வராது.

அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தவுடன் கிரேக்கத்துக்குப் போகாதீர்கள். நடுவில் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டை கட்டியதைத் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. பைக்கு ‘கைக்கு வசதியான’ என்போம், தேர்வுக்குச் ‘செய்முறை’, திட்டத்துக்கு ‘நடக்கக்கூடிய’, ஆளுக்கு ‘நடைமுறை தெரிந்தவர்’, ஆதரவுக்குச் ‘செயலில் காட்டும்’. இந்த ஐந்துக்கும் கிரேக்கத்தில் பெரும்பாலும் ஐந்து தனிச் சொற்கள் கிடைக்கும். தமிழில் சொல் மாறினால் கிரேக்கத்திலும் மாறும் என்று சந்தேகப்படுங்கள். எல்லா இடத்திலும் இது பலிக்காது, ஆனால் ஆங்கிலத்தை நம்புவதைவிடப் பல மடங்கு மேல்.

இப்போது உங்கள் இரண்டாம் வாக்கியம். ‘ப்ரக்திக்கா’ என்ற வடிவம் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, பெயரடையின் அஃறிணைப் பன்மை: ‘ப்ரக்திக்கா ஸித்தீமத்த’ என்றால் நடைமுறைப் பிரச்சினைகள். இரண்டு, வினையடை: நடைமுறையில். மூன்று, பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டுத் தனியாக நிறுத்தினால் அதுவே ஒரு பெயர்ச்சொல், ‘த ப்ரக்திக்கா’: கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பும் ப்ரக்திக்கா, ஆய்வரங்கக் கட்டுரைத் தொகுப்பும் ப்ரக்திக்கா. ‘ஏஹொ ப்ரக்திக்கா’ என்று நீங்கள் சொன்னால் உங்கள் கையில் மினிட்ஸ் இருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். இந்தப் பொருள் நேற்று வந்ததில்லை. பைசாந்தியப் பேரரசில் ஒரு நிலவுடைமையின் குடிகள், கால்நடை, வரி எல்லாவற்றையும் பதிந்த அரசு ஆவணத்துக்கே ‘ப்ரக்திக்கோன்’ என்று பெயர். ஆதோஸ் மலை மடங்களின் காப்பகங்களில் அவை இன்றும் இருக்கின்றன.

வேதியியல் செய்முறைக்குக் கிரேக்கப் பள்ளிகளில் ‘எர்கஸ்திரியக்கீ ஆஸ்கிஸி’, அதாவது ஆய்வகப் பயிற்சி. பேச்சில் ‘எர்கஸ்தீரியொ’ போதும், ஆய்வகம் இருக்கிறது என்ற பொருளில். ஆனால் கார் ஓட்டும் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு எதிராக வருவது ‘ப்ரக்திக்கீ எக்ஸேத்தஸி’தான். கல்லூரி மாணவர் நிறுவனத்தில் போய்ச் செய்யும் பயிற்சி வேலைக்கு ‘ப்ரக்திக்கீ ஆஸ்கிஸி’. பேச்சில் அதையும் சுருக்கி ‘ப்ரக்திக்கீ’ என்பார்கள்: ‘கானொ ப்ரக்திக்கீ’ என்றால் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். உங்கள் ‘ப்ரக்திக்கா’வுக்கும் இந்த ‘ப்ரக்திக்கீ’க்கும் ஓர் உயிரெழுத்துதான் இடைவெளி, பொருளிலோ எங்கோ போய்விடுகிறது.

மருதநிலா

ஏழாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘ப்ரக்திக்கோஸ்’ ஒரு தொழிலின் பெயருக்கு முன்னால் நின்றால் கிரேக்கருக்கு முதலில் தோன்றுவது ‘படிக்காமல், பட்டம் இல்லாமல், பழக்கத்தால் செய்பவர்’ என்ற பொருள். ‘ப்ரக்திக்கோஸ் யத்ரோஸ்’ என்றால் கைமருத்துவர். ‘ப்ரக்திக்கீ மமீ’ என்றால் ஊர் மருத்துவச்சி. இதில் இழிவு எப்போதும் இருக்காது. எலும்பு கட்டுபவரை மரியாதையோடும் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் சட்டம் படித்துப் பதிவு செய்து நீதிமன்றம் போகிறவரை ‘ப்ரக்திக்கோஸ் திக்கிகோரொஸ்’ என்றால் ‘பட்டம் இல்லாத வக்கீல்’ என்றுதான் காதில் விழும்.

கிரேக்கர்கள் சொல்வது ‘மாஹிமொஸ் திக்கிகோரொஸ்’. ‘மாஹி’ என்றால் போர். போர்முனையில் நிற்கும் படைவீரருக்கான சொல்லையே களத்தில் வாதாடும் வழக்கறிஞருக்கும் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் ‘மாஹிமொஸ்’ உண்டு, மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிராக. படிப்பு முடித்து மூத்தவரிடம் தொழில் பழகுகிறவர் ‘அஸ்கூமெனொஸ் திக்கிகோரொஸ்’. தொழில் செய்கிறேன் என்பதற்கு வினை ‘அஸ்கோ’. அதிலிருந்து வந்ததுதான் ஏடகம் ஐயா சொன்ன ‘ஆஸ்கிஸி’.

இதே பொறியின் மோசமான உருவம் மருத்துவ ஆவணங்களில் வரும். அமெரிக்காவில் ‘லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்’ என்று உரிமம் பெற்ற ஒரு நிலை உண்டு. அதை ‘ப்ரக்திக்கீ நொஸொக்கோம’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் உரிமம் பெற்றவர் கிரேக்கத்தில் உரிமம் இல்லாதவர் ஆகிவிடுவார். ‘வொயிதோஸ் நொஸிலெஃப்தீ’, செவிலியர் உதவியாளர் என்பதுதான் பக்கத்தில் வரும். நிலை துல்லியமாக ஒத்துப்போகாது என்பதால் அமெரிக்கப் பெயரை ஒலிபெயர்த்துப் பக்கத்தில் வைப்பது நல்லது.

ஆளின் இயல்பைச் சொல்லும்போது பயம் வேண்டாம். ‘ப்ரக்திக்கோஸ் ஆந்த்ரொப்பொஸ்’, ‘ப்ரக்திக்கோ ம்யலோ’ (நடைமுறை மூளை) எல்லாம் நல்ல கிரேக்கம்தான். தொழிற்பெயர் வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்.

ஆழிமுத்து

எல்லோருக்கும் வணக்கம். இலக்கணப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், மூன்றாம் வாக்கியத்துக்கு அது வேண்டும்.

வேர் ‘ப்ரக்-’, முடிவில் மென்மையான க். பழைய வினை ஏதென்ஸ் வட்டாரத்து அத்திக்க வழக்கில் ‘ப்ராத்தொ’, வேறு வழக்குகளில் ‘ப்ராஸ்ஸொ’. செய்தல் என்று பொருள். இந்த வேர் அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்பத் தன் கடைசி ஒலியை மாற்றுகிறது. ‘ம’ வந்தால் மென்மை அப்படியே நிற்கும்: ப்ராக்ம, அதாவது பொருள், விஷயம். ‘த’ வந்தால் வல்லொலியாக இறுகும்: ப்ரக்திக்கோஸ், ப்ராக்தொரஸ். ‘ஸ’ வந்தால் ‘க்ஸ’ ஆகும்: ப்ராக்ஸி, அதாவது செயல். நமக்கு இது புதிதில்லை. பொன்னும் குடமும் சேரும்போது வல்லெழுத்துக்கு முன்னால் ன் இறுகிப் பொற்குடம் ஆகிறதே, அதே தர்க்கம்.

ஆக ‘ப்ராக்ம’ ஒரு கிளை, ‘ப்ராக்ஸி’ இன்னொரு கிளை, ‘ப்ரக்திக்கோஸ்’ மூன்றாவது. உங்கள் ‘ப்ரக்மத்திக்கோஸ்’ முதல் கிளையில் காய்த்தது. இன்றைய கிரேக்கத்தில் அதற்கு ஒரே பொருள்: உண்மையான, மெய்யான. கணிதத்தில் மெய்யெண்கள் ‘ப்ரக்மத்திக்கீ அரித்மீ’. ‘ப்ரக்மத்திக்கா?’ என்று கேட்டால் ‘நிஜமாவா?’ என்று கேட்பதாக அர்த்தம். நீங்கள் எழுதிய ‘ப்ரக்மத்திக்கோஸ் இயேத்திஸ்’ என்பது ‘உண்மையான தலைவர்’. வாக்கியம் இலக்கணப்படி சுத்தம். புகழ்ச்சியாகவும் இருப்பதால் படிப்பவருக்குப் பிழை கண்ணிலேயே படாது. திருத்துபவரும் தாண்டிப் போய்விடுவார், அதனால்தான் இதை ஆபத்தானது என்கிறேன்.

வேண்டியது ‘ப்ரக்மத்திஸ்தீஸ்’ (ஆள்), ‘ப்ரக்மத்திஸ்திக்கோஸ்’ (பெயரடை). அன்றாடப் பேச்சிலும் செய்தித்தாளிலும் ‘ரெயலிஸ்தீஸ்’ சமமாகப் புழங்கும். மொழியியலில் ‘பிராக்மாட்டிக்ஸ்’ (சூழலை வைத்துப் பேச்சின் பொருளை ஆராயும் பிரிவு) என்றால் மறுபடி வேறு, ‘ப்ரக்மத்தொலொயீய’. அதன் பெயரடை ‘ப்ரக்மத்தொலொயிக்கோஸ்’ மொழியியலுக்கு வெளியே ‘தகவல் சார்ந்த’ என்று பொருள் தரும். ஒரு நூலில் ‘ப்ரக்மத்தொலொயிக்கா ஸ்ஹோலிய’ என்று கண்டால் அது மொழியியல் ஆய்வு அல்ல, ஊர், ஆள், வழக்கம் பற்றிய விளக்கக் குறிப்பு.

ஆங்கிலத்தில் ஏன் பொருள் இப்படிப் போயிற்று? பழைய உலகில் ‘ப்ரக்மத்திக்கோஸ்’ என்றால் அரசுக் காரியம் தெரிந்தவர், அலுவல் சார்ந்தது. ரோமச் சட்டத்தில் பேரரசர் பிறப்பித்த ஒருவகை ஆணைக்கு ‘ப்ராக்மாட்டிக் சாங்ஷன்’ என்று பெயர் வந்தது இந்தப் பொருளில். யுஸ்தினியானுஸ் இத்தாலிக்காக 554-ல் பிறப்பித்தது ஒன்று, ஆஸ்திரியாவின் ஆறாம் சார்லஸ் 1713-ல் வாரிசுரிமைக்காகப் பிறப்பித்தது இன்னொன்று. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் என்ற பொருள்கூட இருந்தது. இன்றைய நல்ல பெயர் பெரும்பாலும் அமெரிக்க மெய்யியலாளர்கள் கொடுத்தது. அவர்களில் ஒருவரான சார்ல்ஸ் பியர்ஸ், ஒரு கருத்தின் பொருளை அதன் நடைமுறை விளைவில் தேடும் தன் கொள்கைக்குப் பெயர் தேடியபோது, ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் ‘பிராக்டிஷ்’, ‘பிராக்மாட்டிஷ்’ இரண்டையும் வேறுபடுத்தியதை மனத்தில் வைத்தே இரண்டாவதை எடுத்தார். பிறகு மற்றவர்கள் அந்தப் பெயரை இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 1905-ல் தன் கொள்கைக்கு ‘ப்ராக்மாட்டிசிசம்’ என்று ஒட்டு நீட்டிப் புதுப்பெயர் வைத்தார்.

சுழியம்

ஆழிமுத்து அண்ணா, நன்றி. மூன்றாவது புரிந்தது. நாலாவதற்கு ‘ப்ரக்திக்கோ’ ஏன் கூடாது? திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்றுதானே கேட்கிறோம்?

ஏடகம்

‘ப்ரக்திக்கோ ஸ்ஹேதியொ’ என்றால் நடைமுறைச் சிந்தனையோடு போட்ட திட்டம். அப்படிப்பட்ட திட்டத்தையும் பணம் இல்லாமல் நடத்த முடியாமல் போகலாம். நீங்கள் கேட்பது முடியுமா என்று. அதற்கு ‘எஃபிக்தோஸ்’. பழைய வினையின் பொருள் ‘எட்டுதல், போய்த் தொடுதல்’. அதாவது எட்டக்கூடியது. எதிர்ச்சொல் ‘அனேஃபிக்தொஸ்’, நம் எட்டாக்கனி. ‘அரசியல் என்பது சாத்தியமானதன் கலை’ என்று பிஸ்மார்க்கின் பெயரில் சொல்லப்படும் வாசகம் கிரேக்கத்தில் ‘இ தேஹ்னி து எஃபிக்தூ’. சாத்தியத்துக்குப் பொதுச்சொல்லாக ‘தினத்தோன்’ இருந்தும் அங்கே உட்கார்ந்தது எஃபிக்தோஸ். கை நீட்டினால் கிடைக்கிற சாத்தியம் என்பதால்.

இதன் அண்டை வீட்டாரையும் பிரித்துக்கொள்ளுங்கள். ‘எஃபர்மோஸிமொஸ்’ என்பது விதி, முறை, சட்டம் போன்றவற்றுக்கு: நடைமுறைப்படுத்தக்கூடிய. ‘ப்ரக்மத்தொப்பியீஸிமொஸ்’ என்பது கனவு, இலக்குக்கு: நனவாக்கக்கூடிய. ‘கத்தொர்தொத்தோஸ்’ என்பது கஷ்டமானதைச் சாதிக்க முடியும் என்னும்போது. ‘வியோஸிமொஸ்’ என்பது தாக்குப்பிடித்து வாழக்கூடியது, நிறுவனத்துக்கும் கடனுக்கும்.

மருதநிலா

ஐயா சொன்ன கடைசிச் சொல்லில் ஒரு சிக்கல். ‘ஃபீசிபிலிட்டி ஸ்டடி’யைச் சிலர் ‘மெலேத்தி வியொஸிமோத்தித்தஸ்’ என்று போடுகிறார்கள். அது ‘வயபிலிட்டி’, தொழில் தொடர்ந்து பிழைக்குமா என்ற கணக்கு. 2010-க்குப் பிறகான கடன் நெருக்கடி ஆண்டுகளில் கிரேக்கச் செய்தியில் ‘வியொஸிமோத்தித்த து ஹ்ரேயுஸ்’, கடனின் தாங்குதிறன், நாள் தவறாமல் வந்த சொல். ஒரு பாலம் கட்டலாமா என்ற ஆய்வுக்கு வழக்கமான தொடர் ‘மெலேத்தி ஸ்கொப்பிமோத்தித்தஸ்’. ‘ஸ்கொப்போஸ்’ என்றால் நோக்கம். கட்ட முடியுமா என்பதோடு கட்டுவதில் பொருள் உண்டா என்பதும் அதில் அடங்கும். ஆங்கிலத் தொடரைவிட அகலமான கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி.

ஆனால் இந்த ‘ஸ்கொப்பிமோத்தித்த’ ஆவணத்தை விட்டு அரசியலுக்குள் போனால் கசக்கும். பன்மையில் ‘பொலித்திக்கேஸ் ஸ்கொப்பிமோத்தித்தெஸ்’ என்றால் அரசியல் உள்நோக்கங்கள், ஆதாயக் கணக்கு. பெயரடை ‘ஸ்கோப்பிமொஸ்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ஈனெ ஸ்கோப்பிமொ ந...’ என்று தொடங்கினால் ‘...செய்வது உசிதம்’. வினையடை ‘ஸ்கோப்பிம’ வந்தால் ‘வேண்டுமென்றே’.

கடலோடி

ஐந்தாவதுக்கு நான். ‘ப்ரக்திக்கா ஓலி ஈர்தன்’ என்று இன்று ஏதென்ஸில் காதில் விழும். ஆங்கிலத் தாக்கம்தான், ஆனாலும் புழங்குகிறது. தப்பு என்று அடிக்க முடியாது.

ஏடகம்

கடலோடி, காதில் விழுவது உண்மை. ஆனால் எழுத்தில் விடுவதை நான் ஏற்கவில்லை. ‘ப்ரக்திக்கா அதீனத்தொ’ என்றால் நடைமுறையில் முடியாதது. கொள்கையளவில் முடிந்தாலும் கையால் ஆகாது என்ற வேறுபாடு அங்கே உயிரோடு இருக்கிறது, அதனால் நல்ல கிரேக்கம். ‘எல்லோரும் வந்தார்கள்’ என்பதில் கொள்கை எது, நடைமுறை எது? அங்கே வேண்டியது ‘கிட்டத்தட்ட’, கிரேக்கத்தில் ‘ஸ்ஹெதோன்’: ஈர்தன் ஸ்ஹெதோன் ஓலி. ‘பிராக்டிகலி அவர்தான் முதலாளி’ போன்ற இடத்தில் எண்ணிக்கை கிடையாது, உண்மை நிலவரம் இருக்கிறது. அங்கே ‘உஸியஸ்திக்கா’. தமிழிலும் முதலாவதற்குக் ‘கிட்டத்தட்ட’, இரண்டாவதற்கு ‘உண்மையில் பார்த்தால்’ என்று பிரிகிறதே, கவனியுங்கள்.

கடலோடி

வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தேர்வுத்தாளில் ‘ஸ்ஹெதோன்’ எழுதட்டும். பேச்சில் கேட்டால் மட்டும் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொரு தகவல். பழைய எழுத்திலும் அலுவல் நடையிலும் வினையடை ‘-ஓஸ்’ என்று முடியும். அப்போது ‘நடைமுறையில்’ என்ற வினையடையும் ‘நடைமுறையான’ என்ற ஆண்பால் பெயரடையும் ஒலியில் ஒன்றே: ப்ரக்திக்கோஸ். எழுத்தில்தான் ஒன்றுக்கு ஒமேகா, மற்றதற்கு ஒமிக்ரோன்; இரண்டு எழுத்துக்கும் இன்று ஒரே ‘ஒ’ ஒலி. சொல்வதெழுதும் பயிற்சியில் இது விழும்.

ஆழிமுத்து

ஒலியைப் பற்றிப் பேசுவதால் ‘பயனுள்ள’ குடும்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் அழுத்தம் தவறினால் சொல்லே மாறும்.

‘ஹ்ரீஸி’ என்றால் பயன்பாடு. ‘ஹ்ரீஸிமொஸ்’ பயனுள்ள. ‘ஆஹ்ரிஸ்தொஸ்’ உதவாத. ‘ஏஃப்ஹ்ரிஸ்தொஸ்’ கையாள எளிதான, கருவிக்கும் மென்பொருளுக்கும் அகராதிக்கும். எதிர்ச்சொல் ‘தீஸ்ஹ்ரிஸ்தொஸ்’. ‘ஹ்ரிஸ்திக்கோஸ்’ என்பது அழகுக்காக இல்லாமல் புழங்குவதற்காகச் செய்தது: அருங்காட்சியகத்தில் ‘ஹ்ரிஸ்திக்கா அந்திக்கீமென’ என்றால் சமையல் பானை, விளக்கு, கத்தி போன்ற புழங்குபொருட்கள். ஏதென்ஸ் அக்காதெமி 2014-ல் வெளியிட்ட அகராதியின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ‘கையாள எளிய அகராதி’ என்று அதை மொழிபெயர்க்கக் கூடாது. மொழி இன்று புழங்கும் விதத்தைக் காட்டும் அகராதி என்பது கருத்து.

இப்போது அழுத்தம். ‘ஹ்ரீஸ்திஸ்’, முதல் அசை நெடில்: பயனர். கணினியில் கணக்கு வைத்திருப்பவர். ‘ஹ்ரிஸ்தோஸ்’, கடைசி அசை நெடில்: நல்லொழுக்கமுள்ள. இது பெரும்பாலும் சட்ட நடையில் வாழ்கிறது, ‘ஹ்ரிஸ்தா ஈதி’ என்றால் நல்லொழுக்க நெறிகள், ‘ஹ்ரிஸ்தீ தியீக்கிஸி’ என்றால் நல்ல நிருவாகம். இந்த ‘ஹ்ரிஸ்தோஸ்’ ஒலியில் கிறிஸ்து என்ற பெயரோடு அப்படியே ஒன்றிவிடும். பழங்காலத்தில் வேறாக ஒலித்த ஈட்டா, யோட்டா இரண்டும் இன்று ஒரே ‘இ’. பேச்சில் சூழல்தான் பிரிக்கும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு அது இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் நம் ‘த’, ‘க’ இயல்பாகவே மெலிகின்றன. ‘அது’ என்பதில் வரும் த கிட்டத்தட்ட கிரேக்க டெல்டா. ‘அகல்’ என்பதில் வரும் க கிட்டத்தட்ட காம்மா. அதனால்தான் கப்பா, தாவ் எழுத்துகளுக்கு நடுவில் க்க, த்த என்று இரட்டித்து எழுதுகிறோம். ‘திக்கிகோரொஸ்’ என்பதில் முதல் க்க வல்லொலி, அடுத்த க மெல்லொலி. தமிழ் எழுத்தை நம்பி வாசித்தாலே பாதி உச்சரிப்பு வந்துவிடும்.

மருதநிலா

அப்போது ‘ஹேண்டி’, ‘கன்வீனியன்ட்’ பற்றியும் பேசிவிடலாம். சுழியம் கேட்கவில்லை, ஆனால் முதல் வாக்கியத்தின் பை அங்கேதான் போகிறது.

பைக்கு ‘ப்ரக்திக்கீ’ சரி. ‘வொலிக்கீ’யும் சரி, அது ‘தோதான’. நேரம், இடம், நாற்காலி, செருப்பு எல்லாவற்றுக்கும் ‘வொலிக்கோஸ்’. வினை மிகவும் வேலைக்காகும்: ‘மெ வொலேவி’ என்றால் எனக்குத் தோதுப்படும். ‘தெ மெ வொலேவி’ என்றால் சரிப்படாது. சந்திக்க நேரம் குறிக்கும்போது இதைவிட இயல்பான சொல் கிடைக்காது. ‘ஈனெ ப்ரக்திக்கோ’ என்று அங்கே சொன்னால் எந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

ஆளுக்குப் போட்டால் கவனம். ‘வொலிக்கோஸ் ஆந்த்ரொப்பொஸ்’ என்றால் அனுசரித்துப் போகிறவர், நல்ல பொருள். ‘வொலெமேனொஸ்’ என்றால் யாரையாவது பிடித்துச் சுகமான வேலையில் உட்கார்ந்துகொண்டவர், குறிப்பாக அரசு வேலையில். இது வசைக்குப் பக்கம். வேர் ஒன்று, ஒட்டு மாறியதும் மரியாதை போய்விடுகிறது.

கைவேலை தெரிந்தவரைச் சொல்லப் பெயரடை தேடாதீர்கள். ‘ப்யானுன் த ஹேர்ய து’ என்பார்கள், அவர் கைகள் பிடிக்கும் என்று. குழாய் ஒழுகினால், அலமாரிக் கதவு தொங்கினால் அவரைக் கூப்பிடலாம். ‘டவுன் டு எர்த்’ என்பதற்கு ‘ப்ரொஸ்யியொமேனொஸ்’, தரையிறங்கியவர். விமானம் தரையிறங்குவதற்கும் அதே வினைதான்.

ஏடகம்

ஆறாவதும் எட்டாவதும் பாக்கி.

ஆறு: ‘ஏம்ப்ரக்தி இப்பொஸ்தீரிக்ஸி’. ‘ஏம்ப்ரக்தொஸ்’ என்பது செயலில் இருப்பது, வாயளவில் நிற்காதது. வாக்குறுதிக்கு எதிரான உதவி, பரிவு, ஒற்றுமை எல்லாவற்றுக்கும் இது. சட்டத்திலும் ‘ஏம்ப்ரக்தி மெத்தானிய’ உண்டு: குற்றம் செய்தவர் தானே முன்வந்து இழப்பை ஈடுகட்டுவது, செயலில் காட்டிய மனமாற்றம். ‘ப்ரக்திக்கீ இப்பொஸ்தீரிக்ஸி’ எழுதினால் பிழை இல்லை, ஆனால் அது ‘நடைமுறை விவகாரங்களில் ஆதரவு’ என்று சற்று வேறு பக்கம் போகும். வண்டி ஏற்பாடு, தங்க இடம் மாதிரி. உங்கள் வாக்கியத்தில் எது என்று பார்த்து எழுதுங்கள்.

இந்தக் கிளையில் இன்னும் சில சொற்களைத் தெரிந்துவைத்தால் செய்தித்தாள் படிக்க உதவும். ‘ஆப்ரக்தொஸ்’ என்றால் வந்த காரியம் ஆகாதவர், ‘ஏஃபியெ ஆப்ரக்தொஸ்’ என்றால் வெறுங்கையோடு திரும்பினார். அதையே ‘ஆப்ரகொஸ்’ என்று மெல்லொலியில் சொன்னால் அனுபவமில்லாதவர். ‘ஸீம்ப்ரக்ஸி’ சேர்ந்து செய்தல், அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு இந்தச் சொல்தான். ‘ப்ராக்தொரஸ்’ முகவர், உளவாளியும். ‘இஸ்ப்ராக்தொரஸ்’ பேருந்தில் சீட்டுக் கிழித்த நடத்துநர். கணக்கில் கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் நான்கும் ‘ப்ராக்ஸிஸ்’. நாடகத்தின் அங்கமும் ப்ராக்ஸி, பிறப்புப் பதிவும் ப்ராக்ஸி, புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘ப்ராக்ஸிஸ்’.

எட்டு: ‘ஃபார்ஸ’. அவ்வளவுதான். ‘ப்ரக்திக்கோ அஸ்தீயொ’ என்பது ஆங்கிலத்தைக் கிரேக்க எழுத்தில் எழுதியது.

சந்தேகம் வரும்போது ஆங்கில–கிரேக்க அகராதியோடு நிறுத்தாதீர்கள். அங்கே கிடைத்த கிரேக்கச் சொல்லைத் தெசலோனிக்கி கிரேக்க மொழி மையத்தின் இணையதளத்தில் இருக்கும் திரியந்தஃபிலீதிஸ் அகராதியில் போட்டு, கிரேக்கத்திலேயே விளக்கம் படியுங்கள். எடுத்துக்காட்டுத் தொடர்களைப் பாருங்கள். உங்கள் பெயர்ச்சொல்லோடு அது அங்கே சேர்ந்து வரவில்லை என்றால் நிறுத்தி யோசியுங்கள்.

சுழியம்

திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

1. ப்ரக்திக்கீ த்ஸாந்த.
2. ஆவ்ரியொ ஏஹொ எர்கஸ்தீரியொ.
3. ப்ரக்மத்திஸ்தீஸ் இயேத்திஸ்.
4. ஈனெ எஃபிக்தோஸ் தொ ஸ்ஹேதியொ?
5. ஈர்தன் ஸ்ஹெதோன் ஓலி.
6. ஏம்ப்ரக்தி இப்பொஸ்தீரிக்ஸி.
7. மாஹிமொஸ் திக்கிகோரொஸ்.
8. ஃபார்ஸ.

மருதநிலா

இரண்டு இடம் தம்பி. நாலில் ‘ஸ்ஹேதியொ’ அஃறிணை, அதனால் ‘எஃபிக்தோ’, ஸ் வேண்டாம். ஏழில் உங்கள் வாக்கியம் ‘அவள்’ என்று தொடங்குகிறது. ‘திக்கிகோரொஸ்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், மாறாது. பெயரடை மாறும்: மாஹிமி திக்கிகோரொஸ். மூன்றாவது அப்படியே நிற்கலாம், ‘ப்ரக்மத்திஸ்தீஸ்’ இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடைபோல் வருவது வழக்கம்தான். தலைவர் பெண் என்றால் ‘ப்ரக்மத்திஸ்த்ரிய’ என்று எழுதுங்கள், அதில் அழுத்தம் ‘ஸ்தீ’யிலிருந்து ஓர் அசை முன்னால் நகரும்: ப்ரக்மத்தீஸ்த்ரிய. முதலில் குறிலாக எழுதியது என் பிழை, இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.